'ஹைட்' என்னும் ஆங்கிலச் சொல்

(வெள்ளி விழாவின் ஆசிரியர் – பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரை)

 

நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் இடறி விழுவது எதனால் என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். தலைப்பு பெரிது, எனக்குக் கொடுக்கப்பட்ட நேரமோ சிறிது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆகவே ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். எச், ஐ, டி, இ என்னும் நான்கே எழுத்துகளால் ஆன சொல். 'ஹைட்' என்பது அச்சொல். இதனை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதனை இறுதியில் கூறுவேன்.

'ஹைட்' என்றால் என்ன என்று மாணவர்களைக் கேட்டால், 'மறைத்தல், ஒளித்தல், ஒளிந்துகொள்ளுதல்' என்பார்கள். பாடநூலின் பின்பக்கத்துச் சொற்பட்டியலில் அப்பொருளே உள்ளது. கண்ணாமூச்சி ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரிலும் அச்சொல்லே முன் நிற்கிறது. இதே கேள்வியை ஆம்பூரிலோ, வாணியம்பாடியிலோ, பேர்ணாம்பட்டிலோ, இராணிப்பேட்டையிலோ தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் பள்ளி வாயிலை மிதித்திராதவராக இருக்கலாம். ஆயினும் 'மாட்டுத்தோல்' என்று தயங்காமல் சொல்வார். ஆடு போன்ற சிறிய விலங்கின் தோல் 'ஸ்கின்'. மாடு, எருமை போன்ற பெரிய விலங்கின் தோல் 'ஹைட்'. இந்த வேறுபாட்டைப் பட்டம் பெற்ற பலரும் அறியார். தோல் கிடங்கில் மூட்டை தூக்குபவர் அறிவார்.

இரண்டு விடைகளும் சரியானவையே. இவை தவிர மூன்றாவது பொருளும் ஒன்று உண்டு. பண்டைய இங்கிலாந்தில் 'ஹைட்' என்பது நில அளவு. ஒரு குடும்பம் உழுது பயிரிட்டு உண்டு வாழ்வதற்குப் போதுமான நிலத்தை ஒரு 'ஹைட்' என்றனர். இடத்துக்கு இடம் அளவு மாறினும், பொதுவாக 120 ஏக்கர் என்று கணக்கிட்டனர். முதலாம் வில்லியம் மன்னனின் ஆணைப்படி 1086-இல் தொகுக்கப்பட்ட 'டோம்ஸ்டே' என்னும் நிலக்கணக்கு ஏட்டில், இங்கிலாந்தின் பெரும்பகுதி ஊர்களுக்கு இத்தனை 'ஹைட்' என்று இந்த அளவையாலேயே வரி குறிக்கப்பட்டது.

தோல், மறைத்தல், நிலம் ஆகிய மூன்றும் ஒரே எழுத்துக் கூட்டில் வந்து நிற்பது எவ்வாறு? நில அளவைக் குறிக்கும் சொல் 'குடும்பம்' என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து வந்தது என்பர் மொழியறிஞர். அதற்கும் தோலுக்கும் பிறப்பில் உறவில்லை. ஆனால் நெடுங்காலம் மக்கள் உறவு உண்டென்றே எண்ணினர். அதற்குத் துணையாக ஒரு பழங்கதையும் இருந்தது. தைதோ என்னும் அரசி வட ஆப்பிரிக்கக் கரையில் வந்திறங்கி, ஒரு காளையின் தோல் மூடும் அளவு நிலம் போதும் என்று கேட்டாளாம். கொடுத்தவர்கள் நகைத்துக்கொண்டே சம்மதித்தனர். அவளோ தோலை மெல்லிய வார்களாக அறுத்து, முடிந்து, ஒரு குன்றையே வளைத்துக்கொண்டாள். கார்த்தேஜ் நகரம் அவ்வாறு எழுந்தது என்பது கதை. தோலைக் கொண்டு நிலத்தைப் பெற்றவர் கதையில்தான் உண்டு. தோல் வேலை செய்த நம் பாட்டனார் எவருக்கும் அது வாய்க்கவில்லை.

எஞ்சிய இரண்டு பொருள்களுக்கும் உறவு உண்டு என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். மூடுதல் என்னும் வேர்ப்பொருளிலிருந்து இரண்டும் கிளைத்திருக்கலாம் என்பது அவர்கள் துணிபு. உடலை மூடியிருப்பது தோல். ஒன்றை மூடி வைப்பது மறைத்தல்.

இனி மாணவர்களுக்கு ஒரு வழி கூறுகிறேன். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். சொல் வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 'ஹைட் தி புக்' என்றால் சொல் வினையாக நிற்கிறது; ஆகவே 'புத்தகத்தை மறைத்து வை' என்பது பொருள். அந்த வினைக்கு இறந்தகால வடிவம் 'ஹிட்'. முடிவெச்ச வடிவம் 'ஹிடன்'. 'எ பஃபலோ ஹைட்' என்றால் சொல் பெயராக நிற்கிறது. எருமைத்தோல் என்று கொள்க. 'டென் ஹைட்ஸ் ஆஃப் லேண்ட்' என்றால் அருகில் நிலம் நிற்கிறது. அங்கே அது நில அளவு. வினையா, பெயரா என்று முதலில் பார். அண்டையில் நிற்கும் சொல் எது என்று அடுத்துப் பார். யார், எங்கே, எதைப் பற்றிப் பேசுகிறார் என்று இறுதியாகப் பார். இம்மூன்றையும் பார்த்தால் அகராதி இல்லாமலே பாதி வழி கடந்துவிடலாம்.

இச்சொல்லின் கிளைகளையும் பாருங்கள். 'ஹைடிங்' என்றால் மறைத்தல் என்றும் பொருள். தோலுரிய அடித்தல் என்றும் பொருள். 'டேன்' என்றால் தோல் பதனிடுதல். பேச்சு வழக்கில் அதுவும் அடித்தலைக் குறிக்கும். 'ஹைட்பவுண்ட்' என்று ஒரு சொல். தீனியின்றி மெலிந்து, தோல் எலும்போடு ஒட்டிப்போன மாட்டை முதலில் அப்படிச் சொன்னார்கள். பிறகு பழைய வழக்கத்தை விட மனமின்றி இறுகிப்போன மனிதருக்கு அதனைச் சூட்டினார்கள். சாதியை விட மனமில்லாத ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலச் சொல்லை நான் கண்டதில்லை.

ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய இயல்பன்று இது. நம் தமிழில் தோல் என்பது உடலின் போர்வை. சங்க இலக்கியத்தில் தோல் என்றால் கேடயம். தொல்காப்பியர் செய்யுளின் எட்டு வனப்புகளுள் ஒன்றனுக்குத் தோல் என்று பெயரிட்டார். உயர்ந்த பொருளை இனிய சொற்களால் பாடுவது அது. தோலைத் தீட்டு என்று ஒதுக்கியவர்கள் தமிழ் இலக்கணத்தைத் திறந்து பார்க்கவில்லை போலும். இன்னொரு சொல் பறை. தோல் போர்த்த கருவியும் பறை, சொல்லுதலும் பறைதல். நெல் அளக்கும் அளவை ஒன்றுக்கும் கேரளத்தில் பறை என்றே பெயர். ஆங்கில 'ஹைட்' தோலையும், மறைத்தலையும், நில அளவையும் சுட்டுகிறது. தமிழ்ப் பறை தோலையும், வெளிப்படச் சொல்லுதலையும், விளைச்சல் அளவையும் சுட்டுகிறது. மறை என்பதற்கும் பறை என்பதற்கும் இடையே ஓரெழுத்தே வேறுபாடு. சொல்லைத் துருவி வரலாறு தேடும் இப்பழக்கம் நமக்குப் புதிதன்று. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், சொற்களின் பொருளை ஆராய்ந்தே நம் பழைய பெருமையை மீட்க முயன்றவர்.

பெரியோர்களே! இம்மூன்று பொருள்களையும் நம் வாழ்வோடு வைத்துப் பார்ப்போம்.

முதலாவது தோல். உப்பிட்டு வரும் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு, மயிரும் சவ்வும் நீக்கி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்திய பிறகு, முழுமையாக்கிய தோலும், காலணியும், தோற்பொருள்களும் இங்கிருந்து கடல் கடந்து செல்லத் தொடங்கின. குரோமியப் பதனீடு பெருகிற்று. இத்தொழிலால் நம் பகுதியில் அடுப்பு எரிந்தது என்பதை மறுக்க இயலாது. அதன் விலை என்ன என்பதையும் மறக்க இயலாது. 2015 ஜனவரி மாத இறுதியில் இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் கழிவுத் தேக்கத்தின் சுவர் உடைந்தது. உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் அந்தக் கழிவில் மூழ்கி மாண்டனர். பளபளக்கும் காலணியைக் கடையில் வாங்குபவர் கண்ணுக்கு இவை படுவதில்லை. தோலுக்குப் பின்னால் தொழிலாளி மறைந்துபோகிறான்.

இரண்டாவது நிலம். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து 1891-இல் ஓர் அறிக்கை அளித்தார். அதனைத் தொடர்ந்து 1892-இல் அன்றைய சென்னை மாகாண அரசு, நம் மக்களுக்கென நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். அதனைப் பிறருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. இருந்தும் தமிழகத்தின் பல மாவட்டங்களில் அந்நிலம் பிறர் கைக்குப் போயிற்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு 'ஹைட்' என்று இங்கிலாந்தில் அளந்தார்களே, அந்த அளவில் எவரும் நமக்கு அளக்கவில்லை. அளந்து தந்த சிறு துண்டும் நம்மிடம் தங்கவில்லை. மிஞ்சிய நிலத்தின் கதையும் உங்களுக்குத் தெரியும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்று அத்தீர்ப்பு பதிவு செய்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்புகளுள் முதன்மையானது அது. நாடெங்கும் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். தோல் என்னும் 'ஹைட்' நிலம் என்னும் 'ஹைட்'டை உண்டது என்று நான் அதனைச் சுருக்கிக் கொள்கிறேன்.

மூன்றாவது மறைத்தல். இதுவே நெஞ்சைச் சுடுவது.

இரட்டைமலை சீனிவாசனார் கோயம்புத்தூரில் பள்ளியில் பயின்றபோது, தம் சாதி பிற மாணவர்க்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால் அவர்களோடு பழகாமல் ஒதுங்கியே இருந்தார். விளையாடவும் மனம் துணியவில்லை. இதனை அவரே தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியுள்ளார். அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவிலும் இலண்டனிலும் கற்றுத் திரும்பி, 1917-இல் பரோடா அரசுப் பணிக்குச் சென்றார். தங்க இடம் தருவார் எவரும் இல்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பூண்டு தங்கினார். சில நாட்களில் உண்மை வெளிப்பட்டது. தடிகளோடு வந்தவர்கள் அன்று மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டினர். உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் பயின்ற அறிஞர், அந்நகரத்துப் பூங்காவில் அமர்ந்து கண்ணீர் விட்டார்.

ஆகவே மறைத்தவர்களை நான் இகழமாட்டேன். வாடகைக்கு வீடு தேடும்போது உண்மையைச் சொன்னால் வீடு கிடைக்காத ஊரில், மறைத்தவன் மீது குற்றமில்லை. மறைக்கச் செய்தவன் மீதே குற்றம். ஆயினும் அந்த இருவரும் அங்கேயே நின்றுவிடவில்லை. பள்ளியில் ஒதுங்கி நின்ற அதே சீனிவாசனார் 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்று பெயரிட்டார். தன்னை மறைத்துக்கொள்பவன் தன் உரிமையைக் கேட்க முடியாது என்பதே அப்பெயரின் உட்பொருள். பொதுச் சாலையிலும் கிணற்றிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவரும் அவரே. அம்பேத்கரோ பரோடாவில் நேர்ந்ததை மூடி வைக்காமல் உலகறிய எழுதினார். மறையிலிருந்து பறைக்கு வந்தவர்கள் அவர்கள்.

நான் வர நெடுங்காலம் ஆயிற்று. இச்சொல்லை ஏன் தேர்ந்தேன் என்பதை இப்போது கூறுகிறேன்.

என் தந்தையார் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். அவர் கைவிரல்களில் தோல் உரிந்தே இருக்கும். சோறு பிசையும்போது காரம் பட்டால் எரியும். ஆகையால் என் தாயார் அவருக்கு மட்டும் தனியே காரமில்லாத குழம்பு எடுத்து வைப்பார். 'ஹைட்' என்னும் சொல்லை நான் எந்த நூலிலும் கற்கவில்லை. என் தந்தையார் வாயிலிருந்தே கற்றேன். அவர் 'ஐடு' என்பார். ஆசிரியப் பயிற்சி விடுதியில் உடன் தங்கியவர்கள் தந்தைக்கு என்ன வேலை என்று கேட்டபோது, 'ஒரு கம்பெனியில் வேலை' என்று சொன்னேன். பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை.

1999-ஆம் ஆண்டு. ஏழாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 'ஹைட்' என்றால் என்ன என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்தான். வகுப்பில் அதிகம் வாய் திறவாதவன். அன்று முகம் மலர்ந்து, உரக்க, "உப்பு போட்ட மாட்டுத்தோல், ஐயா" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. மூக்கைப் பிடித்துக் காட்டியவர்களும் உண்டு.

அவன் சொன்னது சரி என்று அந்த அறையில் அறிந்தவர் இருவரே. ஒருவன் அவன், மற்றவன் நான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "சரியாகச் சொன்னாய், இன்னொரு பொருளும் உண்டு" என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ, "பாடத்தில் உள்ளதைச் சொல், உட்கார்" என்றேன். ஏன் அவ்வாறு சொன்னேன்? அறியாமையால் அன்று. அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடுமோ என்று அஞ்சினேன். தோல் என்ற பேச்சு என் வகுப்பில் எழுவதையே நான் விரும்பவில்லை. நான் அவனைப் பிரம்பால் தொட்டதில்லை. ஆனால் 'ஹைடிங்' என்பதன் இரண்டு பொருளையும் அன்று ஒருசேரச் செய்தேன்: என்னை மறைத்தேன், அவனை அடித்தேன். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் அவன் எதற்கும் விடை சொல்ல எழவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டான் என்று பின்னர் அறிந்தேன். அந்த ஒரு நாளால்தான் நின்றான் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு நாளுக்கு அதில் பங்கில்லை என்றும் சொல்ல எனக்குத் துணிவில்லை.

சென்ற கல்வியாண்டுத் தொடக்கத்தில், நான் தலைமையாசிரியராக உள்ள பள்ளிக்கு அவர் தம் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தார். பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்னும் இடத்தில், பதிவு செய்தவர் நல்லெண்ணத்தோடு, "தனியார் வேலை என்று எழுதிவிடட்டுமா?" என்று கேட்டார். அவர், "வேண்டாம் ஐயா, தோல் பதனிடும் தொழிலாளி என்றே எழுதுங்கள்" என்றார். மகள் அருகில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. நான் கையெழுத்திட்டேன். பழைய நிகழ்ச்சியைப் பற்றி அவரும் பேசவில்லை; நானும் பேசவில்லை. அன்று பேசியிருக்க வேண்டும். பேசாததால்தான் இன்று இந்த அவையில் பேசுகிறேன். வகுப்பறையில் செய்த பிழையை அவையில்தான் திருத்த வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே! நம் பிள்ளைகள் ஆங்கிலம் அறியாதவர்களாக வகுப்புக்கு வருகிறார்கள் என்று எண்ணாதீர்கள். ஹைட், ஸ்கின், டிரம், பாலிஷ், லைனிங், சோல், ஷிப்மெண்ட் என எத்தனையோ ஆங்கிலச் சொற்கள் அவர்கள் வீட்டில் நாள்தோறும் புழங்குகின்றன. அச்சொற்களை வீட்டு வாயிலிலேயே விட்டுவிட்டு வா என்று சொல்லிவிட்டு, வேறு சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். பிள்ளை அறிந்ததிலிருந்து அறியாததற்கு அழைத்துச் செல்வதே கற்பித்தல் என்று ஆசிரியப் பயிற்சியில் படித்தோம். நம் கழகத்தின் மாலை வகுப்புகளில் ஒரு சிறு பணியைத் தொடங்குங்கள். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டார் வேலையிடத்தில் வழங்கும் ஆங்கிலச் சொல் பத்தினைக் கேட்டு எழுதி வரட்டும். அவற்றின் எழுத்துக் கூட்டையும் பிற பொருள்களையும் வகுப்பில் காண்போம். செலவில்லாத பாடம் இது. அன்று மாலை அந்த வீட்டில் தந்தையோ தாயோ ஆசிரியராக அமர்வார்.

பெற்றோர்களே! பிள்ளை கேட்டால் வேலையைச் சொல்லுங்கள். அதன் கடுமையையும் சொல்லுங்கள். அதில் உள்ள அறிவையும் சொல்லுங்கள். தோலின் தரத்தைக் கைவிரல் நுனியால் தொட்டுச் சொல்லும் உங்கள் அறிவு சிறிதன்று. அந்த அறிவின் மேல்நிலைக்கு அடையாற்றில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோல் தொழில்நுட்பத்தில் பொறியியல் பட்டமும் இருக்கிறது. தொட்டியில் இறங்கியவர் பிள்ளை அந்த ஆய்வுக்கூடத்தில் அமரட்டும். விரும்பாத பிள்ளை வேறு எந்தத் துறைக்கும் செல்லட்டும். தந்தை தொழிலை மகன் செய்தே ஆக வேண்டும் என்பது சாதியின் சட்டம், நம் சட்டமன்று. தொழிலை விட்டு வெளியேறுவது வேறு. தொழில் செய்த தந்தையை மறைப்பது வேறு.

மாணவச் செல்வங்களே! 'ஹைட்' என்றால் என்ன என்று இனி எவரேனும் கேட்டால், தலை நிமிர்ந்து எழுந்து மூன்று பொருளையும் சொல்லுங்கள். தோல் எங்கள் உழைப்பு. நிலம் எங்கள் உரிமை. மறைத்தல் எங்கள் வழக்கமன்று என்று சொல்லுங்கள். யாரேனும் சிரித்தால் சிரிக்கட்டும். அவர்களுக்குத் தெரிந்தது ஒரு பொருளே.